ஜியாலஜிஸ்ட் வேலை: அனுபவத்துக்கு என்ன சம்பளம்?

வாசகர் கேள்வி – பதில்

நிலவியல் (ஜியாலஜி) படித்து நான்கு ஆண்டு முதல் முப்பது ஆண்டு வரை வேலை பார்த்தவர்களின் கேள்விகளை இந்த முறை எடுத்துக்கொண்டோம். அரசுச் சம்பளங்களை ஊதிய அட்டவணைப்படி சொல்லியிருக்கிறோம். தனியார் சம்பளம் ஊருக்கு ஊர், கனிமத்துக்குக் கனிமம் மாறும் என்பதால் அவற்றைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு சிமென்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 11 ஆண்டுகளாக ஜியாலஜிஸ்டாக இருக்கிறேன். எம்.எஸ்சி. அப்ளைடு ஜியாலஜி. கையில் வருவது மாதம் 62,000 ரூபாய். என்னோடு படித்த நண்பர் தங்கச் சுரங்கத்தில் இரண்டரை மடங்கு வாங்குகிறார். நான் எங்கே பின்தங்கினேன்?
– ஆர்.எம்., அரியலூர்

பதில்: நீங்கள் பின்தங்கவில்லை. நீங்கள் எடுக்கும் கல் மலிவானது. சுண்ணாம்புக்கல்லில் ஒரு பெஞ்சின் (படிபோல் வெட்டிய அடுக்கின்) தரம் இறங்கினால், உயர்தரக் கல்லை வெளியிலிருந்து வாங்கிக் கலந்து, கில்னுக்குப் (சூளைக்குப்) போகும் கலவையின் எல்.எஸ்.எஃப். (சுண்ணாம்புச் செறிவு) அளவைச் சரிக்கட்டிவிடலாம். நஷ்டம் உண்டு, ஆனால் ஆலை தாங்கிக்கொள்ளும். தங்கத்தில் டன்னுக்கு 2 கிராம் என்று மதிப்பிட்டது உண்மையில் 1.4 கிராமாக இருந்தால் சுரங்கமே மூடும் நிலைக்கு வரும். அதனால்தான் அங்கே மதிப்பீட்டு அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடுபவருக்கு அந்தச் சம்பளம். எத்தனை ஆண்டு வேலை பார்த்தீர்கள் என்பதைவிட, எந்த முடிவு உங்கள் பெயரை நம்பி எடுக்கப்படுகிறது என்பதற்கே இந்தத் தொழிலில் பணம் தருகிறார்கள்.

முதலில் கணக்கைச் சரிபார்த்துவிடுங்கள். நண்பர் சொல்வது சி.டி.சி.யா, கையில் வருவதா? சி.டி.சி.யில் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி, 10 முதல் 20 சதவீதம் வரை வேரியபிள் பே எல்லாம் அடங்கும். உங்களுக்குக் குவார்ட்டர்ஸும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் ஆலையிலேயே இருந்தால் அதற்கும் ஒரு தொகை போடுங்கள். பத்துப் பதினோரு ஆண்டு அனுபவத்துக்கு சிமென்ட் துறையில் ஆண்டுக்கு 8 முதல் 14 லட்சம், துத்தநாகம், தாமிரம், தங்கம் போன்ற உலோகச் சுரங்கங்களில் 15 முதல் 25 லட்சம், ரிசோர்ஸ் எஸ்டிமேஷன் (தாது இருப்பைக் கணக்கிடுதல்) செய்பவருக்கு 20 முதல் 35 லட்சம் என்பது தோராயமான நிலவரம்.

இப்போதே ராஜினாமா வேண்டாம். இருக்கும் சுரங்கத்திலேயே ஒன்றரை ஆண்டில் மூன்று வேலைகளைக் கையில் எடுங்கள்.

ஒன்று, டிரில்லிங். பிளாஸ்ட் ஹோல் தூளைச் சாம்பிள் எடுப்பதோடு நிற்காமல், அடுத்து ஆய்வுக்காகக் கோர் துளை (பாறையை உருளையாக வெட்டியெடுக்கும் துளை) போடும்போது அந்தப் பொறுப்பை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். துளையின் இடம், ஆழம், கோர் ரெக்கவரி, லாகிங் எல்லாம் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்.

இரண்டு, க்யூ.ஏ.க்யூ.சி., அதாவது ஆய்வக முடிவுகளின் தரச் சோதனை. ஒவ்வொரு 20 சாம்பிளுக்கும் ஒரு ஸ்டாண்டர்டு (மதிப்பு தெரிந்தது), ஒரு பிளாங்க் (தாது இல்லாதது), ஒரு டூப்ளிகேட் (அதே சாம்பிளின் பிரதி) என்று இடையில் செருகி அனுப்புங்கள். ஸ்டாண்டர்டின் முடிவு, சான்றிதழில் உள்ள மதிப்பிலிருந்து மூன்று ஸ்டாண்டர்டு டீவியேஷனுக்கு மேல் விலகினால் அந்த பேட்ச் முழுவதையும் திருப்பி ஆய்வு செய்யச் சொல்லுங்கள். சிமென்ட் சுரங்கங்களில் இதைப் பெரும்பாலும் செய்வதில்லை, ஆலையின் எக்ஸ்.ஆர்.எஃப். ஆய்வுக் கருவி சொன்னதே வேதவாக்கு. உலோகச் சுரங்க நேர்முகத் தேர்வில் முதல் பத்து நிமிடத்தில் வரும் கேள்வி இதுதான்.

மூன்று, ரீகன்சிலியேஷன். உங்கள் மாடல் இந்த மாதம் இந்த பெஞ்சில் இவ்வளவு டன், இவ்வளவு சுண்ணாம்புச் சத்து வரும் என்றது. கிரஷரில் விழுந்தது எவ்வளவு? மாதம் ஒரு பக்கம் என 12 மாதம் தொடர்ந்து எழுதுங்கள். எந்த மாதம் ஏன் விலகியது, களிமண் இடைப்படுகை எவ்வளவு கலந்தது என்று காரணத்தோடு எழுதிய பன்னிரண்டு பக்கம், எந்த சாஃப்ட்வேர் சான்றிதழையும் விட மேல். சர்பாக், டேட்டாமைன் போன்ற சுரங்க மாடலிங் சாஃப்ட்வேர் லைசென்ஸ் ஆலையில் இருந்தால் பழகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இலவசமான க்யூ.ஜி.ஐ.எஸ். கொண்டு வரைபட வேலையையாவது தொடங்குங்கள்.

அடுத்து, நேராகத் தங்கத்துக்குத் தாவாதீர்கள். அங்கே உங்கள் 11 ஆண்டில் பாதியைக் கூடக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். பெல்லாரி, ஒடிசா பக்கம் இரும்புத்தாதுதான் உங்களுக்கு இயல்பான அடுத்த படி. பெஞ்சு, பிளெண்டிங், கிரேடு கண்ட்ரோல் எல்லாம் ஏறக்குறைய நீங்கள் செய்யும் வேலையே. அங்கிருந்து ராஜஸ்தான் துத்தநாகம், கர்நாடகத் தங்கம் என்று நகர்வது எளிது. உங்களுக்குச் சாதகமான ஒன்று: 2017-ஆம் ஆண்டின் எம்.சி.டி.ஆர். (கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு) விதிகளின்படி 'ஏ' வகைச் சுரங்கங்களில் முழுநேர ஜியாலஜிஸ்ட் கட்டாயம். பாதகமான ஒன்று: சுரங்க மேலாளர் பதவிக்கு டி.ஜி.எம்.எஸ். (சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம்) தரும் தகுதிச் சான்றிதழ் வேண்டும், அது சுரங்கப் பொறியாளர்களின் பாதை. ஆகவே ஒரே சுரங்கத்தில் இருந்துகொண்டு மேலே மேலே போவதற்கு ஜியாலஜிஸ்டுக்கு இடம் குறைவு. 45 வயதுக்கு முன் பல சுரங்கங்களைப் பார்க்கும் கார்ப்பரேட் பொறுப்புக்கு மாறிவிட வேண்டும்.

கேள்வி: வயது 31. தனியார் ஆய்வு நிறுவனத்தில் 6 ஆண்டு அனுபவம். இனி ஜி.எஸ்.ஐ.க்கு (இந்திய நிலவியல் ஆய்வுத் துறை) முயற்சி செய்யலாமா, ஓ.என்.ஜி.சி. மாதிரி பொதுத்துறைக்கா? உண்மையில் கையில் எவ்வளவு வரும்?
– கே.வி., திருச்சி

பதில்: ஜி.எஸ்.ஐ., மத்திய நிலத்தடி நீர் வாரியம் இரண்டுக்கும் யு.பி.எஸ்.சி. நடத்தும் கம்பைன்டு ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வுதான் வழி. தேர்வு ஆண்டின் ஜனவரி 1 அன்று 32 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஓ.பி.சி.க்கு 3 ஆண்டு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டு தளர்வு. 'எனக்கு நல்ல சம்பளம், அதனால் கிரீமி லேயர்' என்று பலர் தாங்களாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். அது பெற்றோரின் நிலையைப் பார்த்து முடிவாவது, உங்கள் சம்பளத்தைப் பார்த்தல்ல. தாலுகா அலுவலகத்தில் இன்றே கேளுங்கள்.

முதல்நிலைத் தேர்வில் பொது அறிவு 100, பாடம் 300 மதிப்பெண். முதன்மைத் தேர்வில் தலா 200 மதிப்பெண்ணுக்கு மூன்று தாள்கள், பிறகு 200-க்கு நேர்முகம். வேலையில் இருப்பவர்கள் சறுக்குவது முதன்மைத் தேர்வில். களத்தில் தெரிந்ததை மூன்று மணி நேரத்தில் படம் போட்டு எழுதிக் காட்டும் பழக்கம் விட்டுப்போயிருக்கும். பேலியண்டாலஜி, கிரிஸ்டலோகிராஃபி போன்ற பகுதிகளைக் கல்லூரிக்குப் பின் தொட்டிருக்கவே மாட்டீர்கள். அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

சம்பளக் கணக்கு: லெவல் 10, அடிப்படை 56,100. 2025 ஜூலை முதலான 58 சதவீத அகவிலைப்படி 32,538. சென்னை, ஐதராபாத், கொல்கத்தா போன்ற நகரில் வீட்டு வாடகைப்படி 30 சதவீதம், 16,830. போக்குவரத்துப்படி 7,200-ம் அதன்மேல் அகவிலைப்படியும் சேர்த்து 11,376. ஆக 1,16,844. இதில் என்.பி.எஸ். (ஓய்வூதியத் திட்டம்) பிடித்தம் 8,864 போகும், வருமான வரி தனி. எட்டாவது ஊதியக் குழு நடைமுறைக்கு வரும்போது இந்தக் கணக்கு மாறும். அடுத்தடுத்த படிகளின் தொடக்க அடிப்படை லெவல் 11-ல் 67,700, லெவல் 12-ல் 78,800, லெவல் 13-ல் 1,23,100. கடைசிப் படியில்தான் பெரிய தாவல் இருக்கிறது.

உங்கள் 6 ஆண்டு தனியார் அனுபவத்துக்கு இங்கே ஒரு இன்கிரிமென்ட் கூடக் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். 25 வயதில் சேர்ந்தவர் உங்களுக்கு மேலதிகாரியாக இருப்பார். முதல் போஸ்டிங் ஷில்லாங்கா, ஜெய்ப்பூரா, நாக்பூரா என்பதும் உங்கள் கையில் இல்லை. இதைச் சகித்துக்கொள்ள முடியும் என்றால் தாராளமாக எழுதலாம். 25 ஆண்டு நிலையான வேலையும் தனியாரில் கிடைக்காத பெரிய அளவு மேப்பிங் அனுபவமும் சின்ன விஷயமல்ல.

பொதுத்துறை நிறுவனங்கள் கேட் தேர்வின் ஜியாலஜி–ஜியோபிசிக்ஸ் தாள் மதிப்பெண்ணைக் கேட்பதுண்டு, சில நேரம் தனித் தேர்வு நடத்துவதும் உண்டு, அறிவிப்பைப் பாருங்கள். ஓ.என்.ஜி.சி. தொடக்க நிலை அதிகாரிக்கு அடிப்படைச் சம்பளம் 60,000 முதல் 1,80,000 வரையிலான ஏணி. அடிப்படையில் 35 சதவீதம் வரை பெர்க்ஸ் சேரும் என்பதால் கையில் வருவது ஜி.எஸ்.ஐ.யை விட அதிகம். ஆனால் பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு பெரும்பாலும் 30 அல்லது அதற்கும் குறைவு. அந்தக் கதவு உங்களுக்கு மூடியிருக்கலாம், தளர்வு பொருந்துமா என்று பாருங்கள்.

டி.என்.பி.எஸ்.சி. வழியாக மாநில அரசின் உதவி ஜியாலஜிஸ்ட் பணிகளும் வருகின்றன. அடிப்படை 37,700-ல் தொடங்கும். சம்பளம் குறைவுதான், சொந்த மாநிலத்திலேயே இருக்கலாம். அறிவிப்பு எப்போதாவதுதான் வரும், வரும்போது தவறவிடாதீர்கள்.

கேள்வி: இமயமலையில் ரயில் சுரங்கப்பாதைப் பணியில் 7 ஆண்டுகளாக இன்ஜினியரிங் ஜியாலஜிஸ்டாக இருக்கிறேன், ஒப்பந்ததாரர் தரப்பில். ராக் கிளாஸை (பாறையின் தர வகுப்பை) மாற்றி எழுதச் சொல்லி அடிக்கடி நெருக்குகிறார்கள். சம்பளமும் உயரவில்லை. என்ன செய்யலாம்?
– எஸ்.பி. (பெண் வாசகர்), சேலம்

பதில்: இரண்டும் ஒரே கேள்விதான். பல ஒப்பந்தங்களில் பணம் ராக் கிளாஸைப் பொறுத்து வருகிறது. பாறை மோசம் என்று பதிவானால் சப்போர்ட் கூடும், பில் தொகை கூடும். நல்ல பாறை என்றால் உரிமையாளருக்கு மிச்சம். இரு பக்கமும் இழுப்பது உங்கள் பேனாவைத்தான்.

மாற்றி எழுத எவ்வளவு சின்ன இடம் போதும் என்று பாருங்கள். பாறைக்கு மதிப்பெண் போடும் ஆர்.எம்.ஆர். முறையில் நிலத்தடி நீருக்கு மட்டும் தனி மதிப்பெண்: முற்றிலும் காய்ந்திருந்தால் 15, லேசான ஈரம் 10, நனைந்திருந்தால் 7, சொட்டினால் 4, ஓடினால் 0. 'ஈரம்' என்று எழுதுவதற்கும் 'சொட்டுகிறது' என்று எழுதுவதற்கும் 6 மதிப்பெண் வித்தியாசம். மொத்தம் 44 ஆக இருந்த முகப்பு (சுரங்கத்தை வெட்டும் முனை) 38 ஆகிவிடும். 41-க்குக் கீழே இறங்கியதும் மூன்றாம் கிளாஸ் நான்காம் கிளாஸாகிறது. ஒரே ஒரு சொல்லில் லட்சக்கணக்கான ரூபாயும் உள்ளே நிற்பவர்களின் உயிரும் இருக்கிறது. 2023 நவம்பர் 12-ல் உத்தரகாண்டின் சில்க்யாராவில் இடிபாட்டுக்குப் பின்னால் 41 பேர் 17 நாள் அடைபட்டுக் கிடந்ததை உங்களுக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியதில்லை.

ஆகவே எண்ணால் எழுதுங்கள். 10 மீட்டர் நீளத்துக்கு நிமிடத்தில் எத்தனை லிட்டர் நீர் என்று வாளியும் ஸ்டாப்வாட்சும் வைத்து அளந்து எழுதினால் யாரும் சொல்லை மாற்றச் சொல்ல முடியாது. மக்கிங் (உடைந்த கல்லை அள்ளுதல்), ஸ்கேலிங் (தளர்ந்த கல்லைத் தட்டி விழவைத்தல்) முடிந்து ஷாட்கிரீட் (கான்கிரீட் பீச்சு) அடிப்பதற்குள் உங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரமே. அதற்குள் ஸ்கேல் வைத்த புகைப்படம், செயினேஜ், தேதி, நேரம், ஒவ்வொரு ஜாயின்ட் செட்டின் டிப், டிப் திசை ஆகியவற்றை முடித்துவிடுங்கள். கடைசி சப்போர்ட்டைத் தாண்டி ஒரு அடி கூட முன்னால் போக வேண்டாம், எட்டாததைத் தூரத்திலிருந்து படம் எடுங்கள். படிவத்தில் இரு தரப்பு ஜியாலஜிஸ்டும் அங்கேயே கையெழுத்திட வேண்டும். 'ஆபீஸில் போய்ப் போட்டுக்கொள்ளலாம்' என்று விட்ட படிவங்கள்தான் பிறகு மாறுகின்றன. கருத்து வேறுபட்டால் உங்கள் மதிப்பெண்ணை உங்கள் பெயருக்கு நேரே தனியாக எழுதுங்கள்.

சம்பளம் உயர, பக்கம் மாறுங்கள். டிசைன் கன்சல்டன்ட், பி.எம்.சி. (திட்ட மேலாண்மை ஆலோசகர்) ஆகியோர் டெண்டர் போடும்போது 'கீ பெர்சனல்' என்று ஜியாலஜிஸ்டின் சி.வி.யை இணைக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. உங்கள் சி.வி. அவர்களுக்கு வேலை வாங்கித் தருகிறது என்பதால் பேரம் பேச இடமிருக்கிறது. 7 ஆண்டுக்கு 9 முதல் 15 லட்சம், 12 ஆண்டைத் தாண்டி தலைமை ஜியாலஜிஸ்ட் என்று பெயர் போட்டால் 20 லட்சத்துக்கு மேல் கேட்கலாம். சி.வி.யை இணைக்க ஒப்புதல் கையெழுத்துக் கேட்பார்கள். எந்தச் சம்பளத்துக்கு, எந்தத் தேதி வரை என்று எழுதி வாங்காமல் ஒப்புதல் தராதீர்கள். டெண்டர் கிடைத்ததும் ஆளை மாற்றும் வழக்கம் இருக்கிறது. கூடவே விபத்துக் காப்பீட்டுத் தொகை எவ்வளவு, பெண்களுக்குத் தனித் தங்குமிடமும் கழிப்பறையும் முகப்புக்கு எவ்வளவு தொலைவில் என்பதையும் சேரும் முன்பே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வடக்கே போய் அலுத்துவிட்டது என்றால் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் போன்ற நகரச் சுரங்கப்பாதைகள் உண்டு. அங்கே டி.பி.எம். (சுரங்கம் துளைக்கும் இயந்திரம்) என்பதால் முகப்பைப் பார்க்கும் வாய்ப்பு குறைவு, போர்ஹோல் விளக்கமும் நிலமட்டக் கண்காணிப்பும் கூடுதல். அனுபவத்தில் இரண்டும் இருந்தால் நல்லது.

கேள்வி: ஆஸ்திரேலியாவில் சீனியர் ஜியாலஜிஸ்டுக்கு ஆண்டுக்கு 1,60,000 டாலர் என்கிறார்களே, எவ்வளவு மிஞ்சும்? நான் 9 ஆண்டு துத்தநாகச் சுரங்கத்தில், நிலத்தடியில்.
– டி.ஜெ., தூத்துக்குடி

பதில்: அந்தத் தொகை நம்பக்கூடியதே. 2025-26 வரி விகிதப்படி உள்ளூர்வாசியாக 1,60,000 டாலருக்கு வருமான வரி 40,538, மெடிகேர் (மருத்துவத் தீர்வை) 3,200. மிஞ்சுவது 1,16,262, அதாவது மாதம் சுமார் 9,690 டாலர். ஆஃபர் லெட்டரில் 'பேக்கேஜ்' என்று இருந்தால் 12 சதவீத சூப்பர் (ஓய்வுக்கால நிதி) அதற்குள்ளேயா, வெளியேயா என்று கேளுங்கள். உள்ளே என்றால் 17,000 டாலருக்கு மேல் சம்பளத்திலிருந்து போய்விடும்.

குடியேற்றத்துக்கான திறன் மதிப்பீட்டை வெட்டாசெஸ் என்ற அமைப்பு செய்கிறது. தொழில் குறியீடு 234411. பட்டத்துக்குப் பின், கடந்த 5 ஆண்டுக்குள் குறைந்தது ஓராண்டாவது உரிய நிலையில் வேலை பார்த்திருக்க வேண்டும். நிராகரிக்கப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலும் குறை பட்டத்தில் இருக்காது, வேலைச் சான்றிதழில் இருக்கும். 'இவர் எங்களிடம் பணியாற்றினார், நன்னடத்தை உள்ளவர்' என்ற இரண்டு வரிக் கடிதம் செல்லாது. என்னென்ன வேலை, வாரம் எத்தனை மணி நேரம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று விரிவாக வேண்டும்.

அங்கே போன பிறகு சம்பளம் எகிறுவது ஜார்க் விதிகளின்படி (தாது இருப்பை வெளியிடும் விதிகள்) காம்பிடென்ட் பர்சன், அதாவது மதிப்பீட்டுக்குப் பொறுப்பேற்கும் தகுதியாளர் ஆகும்போது. ஆஸ்-ஐ.எம்.எம்., ஏ.ஐ.ஜி. போன்ற தொழில்முறைச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும், அந்தக் கனிமப் படிவ வகையிலும் செய்யும் பணியிலும் 5 ஆண்டு அனுபவம் வேண்டும். உங்கள் 9 ஆண்டு துத்தநாகத்துக்குப் பேசும், கால்கூர்லி தங்கத்துக்கு அப்படியே பேசாது. ஆனால் நிலத்தடிச் சுரங்க ஜியாலஜிஸ்டுக்கு அங்கே தட்டுப்பாடு இருப்பதால் உள்ளே நுழைய உங்கள் அனுபவம் நல்ல சாவி. மேனுவல் கார் ஓட்டும் உரிமத்தை இங்கேயே கைப்பழக்கத்தில் வைத்திருங்கள். 8 நாள் வேலை, 6 நாள் ஓய்வு, நாளுக்கு 12 மணி நேரம் என்பது வழக்கமான ரோஸ்டர். குடும்பம் பெர்த்தில், நீங்கள் விமானத்தில் சுரங்கத்துக்கு.

கேள்வி: வளைகுடாவில் வெல்சைட் ஜியாலஜிஸ்ட் (எண்ணெய்க் கிணறு தோண்டும் இடத்தில்) வேலை, 28 நாள் வேலை, 28 நாள் விடுப்பு. விடுப்பில் ஊருக்கு வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். வரி வருமா?
– எம்.ஏ., காரைக்கால்

பதில்: கவனமாக இல்லாவிட்டால் வரும். நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் நீங்கள் உள்நாட்டுவாசி, வெளிநாட்டுச் சம்பளமும் இங்கே வரிக்கு உள்ளாகும். 28-க்கு 28 என்பது ஆண்டில் சரிபாதி, 182.5 நாள்! வந்திறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் இந்தியக் கணக்கில் சேரும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். சவுதி போன்ற இடங்களில் சம்பளத்துக்கு வரியே இல்லை என்பதால் கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு தாளில் எழுதி, 165 நாளைத் தாண்டாமல் பாருங்கள். ஒரு விடுப்பைக் குடும்பத்தோடு இலங்கையிலோ மலேசியாவிலோ கழித்தாலே போதும். போர்டிங் பாஸை எறியாதீர்கள்.

இன்னொன்று: சம்பளம் மாதக் கணக்கா, நாள் கணக்கா? நாள் கணக்கென்றால் ரிக்கில் இருக்கும் நாளுக்கு மட்டும்தான். ரிக்கை விடுவித்த மறுநாள் முதல் வரவு இல்லை. 2020 ஏப்ரல் 20-ல் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. அப்படிப்பட்ட காலத்தில் முதலில் வெட்டப்படுவது நாள் கணக்கு ஒப்பந்தங்களே. எட்டு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்துக்கொண்டே இந்த வேலையில் இருக்க வேண்டும்.

கேள்வி: 52 வயது. கிரானைட், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் 27 ஆண்டு. வேலையை விட்டுத் தனியாக மைனிங் பிளான், நிலத்தடி நீர் அறிக்கை செய்யலாமா?
– பி.எல்., கரூர்

பதில்: தகுதி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் கனிமச் சலுகை விதிகளின்படி, சுரங்கப் பொறியியல் பட்டமோ நிலவியல் முதுகலைப் பட்டமோ பெற்று, அதன்பின் 5 ஆண்டு மேற்பார்வைப் பொறுப்பில் இருந்தவர் மைனிங் பிளான் தயாரிக்கலாம். கிரானைட் போன்ற சிறு கனிமங்களுக்கு மாநில விதிகள் தனி. சுற்றுச்சூழல் அனுமதி வேலை தனிநபருக்கு வராது, க்யூ.சி.ஐ.-நாபெட் (தர அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கே வரும். அவர்களுக்கு ஜியாலஜி, ஹைட்ரோஜியாலஜி பிரிவுகளில் ஃபங்க்ஷனல் ஏரியா எக்ஸ்பர்ட் தேவை. அப்படி எம்பேனல் ஆவதுதான் தொடக்கத்தில் நிலையான வருமானம்.

இங்கே ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'சார், நீங்கள் வர வேண்டாம், அறிக்கை தயார், கையெழுத்து மட்டும் போடுங்கள்' என்று மாதம் ஒரு தொகை பேசி வருவார்கள். 27 ஆண்டு உழைத்துச் சேர்த்த பெயரை அப்படி வாடகைக்கு விடாதீர்கள். எல்லை தாண்டி வெட்டியதாக வழக்கு வந்தால் நோட்டீஸில் உங்கள் பெயரும் இருக்கும். களத்துக்குப் போகாத அறிக்கையில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

களத்தில் அதிகம் சொதப்புவது எல்லைக் கல் ஆயங்கள். கிழக்கு 78 டிகிரி தீர்க்கரேகை உங்கள் மாவட்டத்தின் ஊடாகப் போகிறது. அதற்கு மேற்கே யு.டி.எம். (வரைபட ஆய முறை) 43-ஆவது மண்டலம், கிழக்கே 44. கரூர் 44-ல், திண்டுக்கல் நகரம் 43-ல். ஒரு ஜி.பி.எஸ். ஒரு மண்டலத்திலும் இன்னொன்று வேறொன்றிலும் இருந்தால் புள்ளிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விழும், அது கண்ணில் பட்டுவிடும். மண்டலத்தை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதி, பின்னால் வருபவர் தப்பாக ஊகிப்பதுதான் ஆபத்து. எல்லா அட்டவணையிலும் மண்டலம், டேட்டம் (ஆய அளவின் அடிப்படை) இரண்டையும் எழுதுங்கள். கூடவே டிகிரி, நிமிடம், வினாடியும் கொடுங்கள்.

நிலத்தடி நீர் பற்றி: மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் அனுமதி முறை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. இங்கே நீர்வளத் துறையின் கீழ் மாநில ஏற்பாடு தனியாக உண்டு. வெளி மாநில ஆலோசகர்கள் மத்தியப் படிவத்தை அப்படியே கொண்டுவந்து மாதக்கணக்கில் அலைகிறார்கள். அது உங்களுக்கு அனுகூலம்.

வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், 18 சதவீதம் தனியாக வாங்குங்கள். கட்டணத்தை மூன்றாகப் பிரித்து, களத்துக்குப் போகும் முன் 40 சதவீதம், வரைவு அறிக்கையில் 40, சமர்ப்பிக்கும்போது 20 என்று எழுதி வாங்குங்கள். 'அனுமதி வந்ததும் மீதி' என்று ஒப்புக்கொள்ளவே கூடாது. அனுமதி உங்கள் கையில் இல்லை. வேலையை விடுவதற்கு முன் ஆறு மாதச் செலவும் குறைந்தது மூன்று உறுதியான வேலைகளும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: லித்தியம், டங்ஸ்டன், அரிய மண் தாதுக்கள் என்று நாளும் செய்தி வருகிறதே, இதனால் சம்பளம் ஏறுமா?
– வி.என்., சென்னை

பதில்: வேலை எண்ணிக்கை ஏறும், சம்பளம் எல்லோருக்கும் ஏறாது. 2023 சட்டத் திருத்தம் எக்ஸ்ப்ளோரேஷன் லைசென்ஸைக் கொண்டுவந்தது, 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அரசு நிதியில் தனியார் ஆய்வு நிறுவனங்களும் களத்தில் இறங்கியுள்ளன. அங்கே வருவது பெரும்பாலும் புராஜெக்ட் முடியும் வரையிலான ஒப்பந்த வேலை.

ஜம்மு ரியாசி லித்தியத்தை நினைத்துப் பாருங்கள். 2023 பிப்ரவரியில் 59 லட்சம் டன் என்று அறிவிப்பு வந்தது. அது ஜி3 நிலை (முதற்கட்ட ஆய்வு), இன்ஃபர்டு (ஊக அளவிலான) மதிப்பீடு. முதல் ஏலத்தில் போதிய தகுதியான ஏலதாரர்கள் வராமல் ரத்தானது. ஜி3-க்கும் சுரங்கத்துக்கும் நடுவே நெருக்கமான டிரில்லிங், தாதுவைப் பிரித்தெடுக்க முடியுமா என்ற சோதனை, மதிப்பீடு எல்லாம் கிடக்கின்றன. அந்த இடைவெளியை நிரப்பத் தெரிந்தவர்கள் குறைவு, ஏற்றம் அவர்களுக்குத்தான். ஜி4 (அதற்கும் முந்தைய, மேலோட்டமான கட்டம்) மேப்பிங் மட்டும் செய்தவர் அடுத்த புராஜெக்டில் டிரில்லிங்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: நிலத்தடிச் சுரங்கத்தில் பெண் ஜியாலஜிஸ்டுகளை எடுக்கிறார்களா? மகளுக்கு 4 ஆண்டு அனுபவம்.
– ஒரு தந்தை, நெய்வேலி

பதில்: எடுக்கிறார்கள். 2019 ஜனவரியில் மத்திய அரசு தடையைத் தளர்த்தி, தொழில்நுட்ப, மேற்பார்வைப் பணிகளில் பெண்கள் காலை 6 முதல் மாலை 7 வரை நிலத்தடியில் வேலை செய்ய வழிவிட்டது. எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ராஜஸ்தானின் உலோகச் சுரங்கங்களில் முயலச் சொல்லுங்கள். இரண்டு ஆண்டு நிலத்தடி மேப்பிங் அவருடைய சி.வி.யையே மாற்றிவிடும்.

கேள்வி: அனுபவம் இருந்தும் நேர்முகத்துக்கே அழைப்பதில்லை. சி.வி.யில் என்ன குறை?
– ஜி.ஆர்., மதுரை

பதில்: 'எக்ஸ்ப்ளோரேஷன், மேப்பிங், சாம்பிளிங் செய்தேன்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. எந்தக் கனிமம், எந்த வகைப் படிவம், எத்தனை துளை, மொத்தம் எத்தனை மீட்டர், கோரா ஆர்.சி.யா (பாறைத் தூளாக எடுக்கும் துளையா), எத்தனை ரிக்குகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டீர்கள், எந்த அறிக்கையில் உங்கள் பெயர் இருக்கிறது என்று ஒவ்வொரு வேலைக்கும் நான்கு வரி எழுதுங்கள். சாஃப்ட்வேர் பெயருக்குப் பக்கத்தில் அதில் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் அசே (தாதுப் பரிசோதனை) முடிவையோ வரைபடத்தையோ இணைக்காதீர்கள், பார்ப்பவர் அதைத் திறமையாக எடுத்துக்கொள்ள மாட்டார். நம்பிக்கைக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்வார்.

ஒவ்வொரு வேலையிலிருந்து விலகும்போதும் சர்வீஸ் சான்றிதழில் தேதிகளோடு 'மேற்பார்வைப் பொறுப்பில்' என்ற சொற்களும் வேலை விவரமும் இருக்கும்படி நீங்களே வரைவு எழுதிக் கொடுத்து லெட்டர்ஹெட்டில் கையெழுத்து வாங்குங்கள். மைனிங் பிளான் தகுதிக்கும் வெட்டாசெஸுக்கும் கீ பெர்சனல் மதிப்பெண்ணுக்கும் கேட்பது அந்தத் தாளைத்தான். மேலாளர் ஓய்வு பெற்று, நிறுவனமும் கைமாறிய பிறகு அதை வாங்கப் போனால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.